பேரிக் கன்று வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

நெல் விதை தவறினால் ஒரு போகம் நஷ்டம். பேரிக் கன்று தவறினாலோ ஐந்தாறு ஆண்டுகள் கழித்து, மரம் காய்ப்புக்கு வரும் சமயத்தில்தான் தெரியவரும். ஆகவே நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் பேரி பயிரிடும் சிறு விவசாயிகள் ஒட்டுக்கன்று, திசு வளர்ப்புக் கன்று ஆகிய இரண்டின் தன்மையையும் அறிந்து வாங்குதல் நலம்.

விதையிலிருந்து முளைக்கும் பேரிக் கன்று தாய் மரத்தைப் போல் இராது. அதனால்தான் நாட்டுப் பேரியை வேர்ச்செடியாக வைத்து, அதன்மேல் நல்ல ரகத்தின் குச்சியை ஒட்டுக் கட்டுகிறார்கள்.

திசு வளர்ப்பு முறை

இம்முறையில் தேர்ந்தெடுத்த மரத்தின் நுனிக் குருத்தைக் கிருமி நீக்கி, புட்டியில் உள்ள ஊட்டக் கூழில் வைத்து வளர்க்கிறார்கள். இக்கூழில் தாது உப்புகள், சர்க்கரை, வைட்டமின்கள், அகார் ஆகியவை உண்டு. சைட்டோகைனின் என்னும் வளர்ச்சி ஊக்கி சேர்த்தால் பக்கத் தளிர்கள் பல கிளைக்கும். நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை அவற்றைப் பிரித்துப் புதுக் கூழுக்கு மாற்றிப் பெருக்கலாம். பிறகு ஆக்சின் ஊக்கி கொடுத்து வேர்விடச் செய்வர்.

பேரியில் இது எளிதல்ல. வெட்டிய இடம் கறுத்துப்போவதுண்டு. வேர்விடும் அளவும் ரகத்துக்கு ரகம் மாறும். புட்டியில் வளர்ந்த இலை வெளிக்காற்றில் உடனே வாடிவிடும். ஆகையால் பாலிதீன் மூடாக்கின் கீழ் ஈரப்பதத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, சில வாரங்கள் கன்றைப் பழக்க வேண்டும்.

எதற்கு ஏற்றது?

ஒரே சீரான வேர்ச்செடிகளை ஏராளமாகப் பெருக்க இம்முறை உதவும். அமெரிக்காவில் தீக்கருகல் நோயைத் தாங்கும் 'ஓல்டு ஹோம் - பார்மிங்டேல்' வேர்ச்செடிகள் இவ்வாறு பெருக்கப்படுகின்றன. ஆனால் ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரில் வளரும் பேரிக்கு, மரத்தின் உயரத்தை அடக்குதல், சீக்கிரம் காய்க்க வைத்தல் போன்ற வேர்ச்செடியின் நன்மைகள் கிடைக்கா.

மூன்று எச்சரிக்கைகள்

1. திசு வளர்ப்புக் கன்று தாய் மரத்தின் நகல். தாய் மரம் சரியாகக் காய்க்காததாயின் கன்றும் அப்படியே.

2. புட்டியில் வளர்ந்ததாலேயே கன்று வைரஸ் அற்றது என்று நம்பலாகாது. மிக நுண்ணிய குருத்து முனையை மட்டும் எடுத்து வளர்த்து, பிறகு சோதித்துப் பார்த்தால்தான் அந்த உறுதி உண்டு.

3. பெரும்பாலான பேரி ரகங்கள் தம் மகரந்தத்தால் நன்கு காய் பிடிப்பதில்லை. ஒரே மரத்தின் நகல்களைத் தோட்டம் முழுதும் நட்டால் பூ நிறைந்தும் காய் குறையும். அதே பருவத்தில் பூக்கும் வேறு ரகத்தையும் இடையிடையே நடுவது அவசியம்.

வாங்கும்போது

திசு வளர்ப்புக் கன்றுகளுக்கான தேசியச் சான்றளிப்பு முறையை மத்திய அரசு 2006-ல் ஏற்படுத்தியது. விற்பவரிடம் சான்று, தாய் மரத்தின் ரகம், வேர்ச்செடியின் பெயர் ஆகியவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். புட்டியிலிருந்து அண்மையில் எடுத்த கன்றை நேரே குழியில் நடலாகாது.

இவ்விவரங்கள் கிடைக்காவிடில், பல ஆண்டுகள் காய்த்துப் பார்த்த மரத்தின் குச்சியை நாட்டுப் பேரியில் ஒட்டுக் கட்டிய கன்றே சிறு விவசாயிக்கு நம்பகமானது. செலவும் குறைவு.