கனவில் விழித்தல்: திபெத்தியக் கனவு யோகமும் சைவ சித்தாந்த அவத்தைக் கோட்பாடும்

ஆய்வுச் சுருக்கம்

கனவு காணும்போதே ‘இது கனவு’ என்று அறிந்திருக்கும் நிலையைப் பயிற்சியால் அடையலாம் என்பது இன்று ஆய்வகச் சான்றுகளால் நிறுவப்பட்டுள்ளது. இந்நிலையை ஆன்மிகப் பயிற்சியாகப் பல நூற்றாண்டுகளாகக் கைக்கொண்டு வருவது திபெத்தியக் கனவு யோக மரபு. அம்மரபின் பயிற்சி முறையையும் அண்மைக்கால உறக்க ஆய்வின் முடிவுகளையும் விளக்கி, சைவ சித்தாந்தத்தின் அவத்தைக் கோட்பாட்டைக் கொண்டு இத்திறனின் இடத்தையும் எல்லையையும் வரையறுக்க இக்கட்டுரை முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தெளிகனவு, கனவு யோகம், அவத்தை, சொப்பனம், துரியம், அந்தக்கரணம்.

முன்னுரை

தமிழ் இலக்கியத்தில் கனவு பெரும்பாலும் இரு வகையில் இடம்பெறுகிறது. ஒன்று, வருவதை முன்னுணர்த்தும் குறி; சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதை இதற்குத் தக்க சான்று. மற்றொன்று, பிரிந்தாரைக் கூட்டுவிக்கும் ஆறுதல். திருக்குறளின் ‘கனவுநிலை உரைத்தல்’ அதிகாரம் இவ்வகையது. இவ்விரண்டிலும் கனவு தானே வருவது. காண்பவர் அதனை ஏற்பவரேயன்றி நடத்துபவர் அல்லர். கனவை ஒரு பயிற்சிக் களமாகக் கொண்டு, அதனுள் அறிவோடு புகுந்து செயற்படலாம் என்னும் கருத்து இவற்றினின்று வேறானது.

இக்கருத்துக்கு இந்திய யோக மரபில் வித்துண்டு. கனவிலும் உறக்கத்திலும் தோன்றும் அறிவைப் பற்றுக்கோடாகக் கொண்டும் மனத்தை நிலைநிறுத்தலாம் எனப் பதஞ்சலி யோக சூத்திரத்தின் முதற்பாதம் கூறுகிறது. ஆயினும் இதனை முறையான பயிற்சியாக வகுத்து, ஆசிரிய மாணாக்க வழியில் இடையறாது காத்து வந்தது திபெத்திய மரபே ஆகும். ஆங்கிலத்தில் ‘லூசிட் ட்ரீம்’ எனப்படும் இவ்வகைக் கனவு இக்கட்டுரையில் ‘தெளிகனவு’ என்று குறிக்கப்பெறுகிறது.

திபெத்திய மரபில் கனவு யோகம்

பதினோராம் நூற்றாண்டினராகிய நாரோபாவின் பெயரால் வழங்கும் ஆறு யோகங்களுள் கனவு யோகம் ஒன்று. உள்வெப்பம், மாய உடல், கனவு, தெள்ளொளி, இடைநிலை, உயிர்ப்பெயர்ச்சி என்பன அவ்வாறும். நாரோபாவிடமிருந்து மார்பாவும், மார்பாவிடமிருந்து மிலரேபாவும் பெற்ற இவ்வுபதேசம் காக்யு மரபின் அடிப்படையாயிற்று. கெலுக் மரபின் முதல்வரான சோங்கபா (1357–1419) ஆறு யோகங்களுக்கும் விரிவான உரை எழுதினார். பௌத்தத்திற்குப் புறம்பான பொன் மரபிலும் கனவுப் பயிற்சி உண்டு.

இப்பயிற்சி இரவில் தொடங்குவதன்று; பகலிலேயே தொடங்குகிறது. காண்பன, கேட்பன, உண்பன யாவும் கனவு போன்றவை என்று பகல் முழுதும் இடைவிடாது எண்ணுவது முதற்படி. உறங்கப்போகும் முன் ‘இன்றிரவு கனவைக் கனவென்று அறிவேன்’ என உறுதி பூணுவது இரண்டாம் படி. வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்து, கழுத்துச் சக்கரத்தில் ஓர் எழுத்தைச் செந்நிற ஒளியாகப் பாவித்து, அதில் மனத்தை நிறுத்தியவாறே உறக்கத்தில் ஆழ்வது மூன்றாம் படி.

கனவென்று அறிந்தபின் செய்ய வேண்டியனவும் வகுக்கப்பட்டுள்ளன. கனவில் தோன்றும் ஒன்றைப் பலவாக்கல், சிறியதைப் பெரியதாக்கல், தீயை நீராக்கல் முதலியன முதலிற் பயிலத்தக்கவை. அச்சந்தரும் காட்சி தோன்றின் அதனின்று ஓடாமல் அதனுள்ளேயே புகுமாறு மாணாக்கர் பணிக்கப்படுகின்றனர். கனவுத் தீ சுடாது என்பதை நூலறிவாக அன்றி, அஞ்சிய நெஞ்சத்தோடேயே நேரிற் காண்பது இதன் நோக்கம். இறுதியில் காட்சிகளை மாற்றுவதும் கைவிடப்பட்டு, அவற்றைத் தோற்றுவிக்கும் மனத்தின் இயல்பில் நிலைபெறுதல் சொல்லப்படுகிறது. இறப்புக்கும் மறுபிறப்புக்கும் இடைப்பட்ட நிலையில் எழும் காட்சிகளைக் கண்டு மயங்காதிருக்க இது முன்பயிற்சியாகும் என்பது அம்மரபின் கொள்கை.

உறக்க ஆய்வு காட்டுவது

மேலைநாட்டில் எர்வே த சேன்-தெனி என்னும் பிரெஞ்சு அறிஞர் கனவுகளை நெறிப்படுத்தும் வழிகளைப் பற்றி 1867இல் நூல் வெளியிட்டார். டச்சு எழுத்தாளரும் மனநல மருத்துவருமான பிரெடெரிக் வான் ஈடன், தாம் கண்ட 352 தெளிகனவுகளை ஆதாரமாகக் கொண்டு 1913இல் வெளியிட்ட கட்டுரையால் இச்சொல்லைப் பரவச் செய்தார். ஆயினும், உறங்குபவர் ஒருவர் அறிவோடிருத்தல் முரணன்றோ என்னும் ஐயம் அறிவியலாரிடையே நெடுங்காலம் நிலவியது.

அவ்வையம் நீங்கியது கண்ணசைவினால். கனவு மிகுதியாக நிகழும் விரைவுக் கண்ணசைவு உறக்கத்தில் கை, கால் முதலியவற்றின் தசைகள் செயலிழந்து கிடக்கின்றன. கண்களை இயக்கும் தசைகளும் மூச்சை நடத்தும் உதரவிதானமும் அவ்வாறு ஆவதில்லை. ஆகவே, கனவில் விழிப்புற்றவர் முன்னரே ஒப்பிய முறையில் கண்களை இடமும் வலமும் அசைத்தால், அவ்வசைவு கருவியிற் பதிவாகும். 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹேர்ன் இத்தகைய குறிப்பை முதலிற் பதிவுசெய்தார். பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லபெர்ஜ் தனித்து இதனை நிறுவி, 1981இல் வெளியிட்டார். 2021இல் அமெரிக்கா, பிரான்சு, ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நான்கு நாடுகளின் ஆய்வகங்கள் இணைந்து 36 பேரிடம் நடத்திய ஆய்வில், கனவு காண்போரிடம் எளிய கணக்குகளும் ஆம்–இல்லை வினாக்களும் கேட்கப்பட்டன. 158 முயற்சிகளுள் 29இல் சரியான விடை கிடைத்தது. பெரும்பாலானவற்றில் மறுமொழியே வரவில்லை என்பதும் உடன் நோக்கத்தக்கது.

பயிற்சியின் அமைப்பு

லபெர்ஜ் வகுத்த முறை திபெத்திய முறையோடு வியக்கத்தக்க ஒற்றுமை உடையது. கனவிலிருந்து விழித்தவுடன் அக்கனவை முழுமையாக நினைவுகூர்தல். ‘அடுத்த முறை கனவு காணும்போது, காண்பது கனவென்பதை நினைவிற் கொள்வேன்’ என உறுதிகொள்ளல். அதே கனவிற்குள் தாம் விழிப்புறுவதாகக் கற்பனை செய்து மீண்டும் உறங்குதல் என்பன அதன் படிகள். ‘சந்தைக்குப் போகும் வழியில் இக்கடிதத்தை அஞ்சலிற் சேர்க்க வேண்டும்’ என்று எண்ணி வைத்து, உரிய இடத்தில் அதை நினைவுகூரும் ஆற்றலே இங்குப் பயன்படுகிறது. திபெத்திய மரபின் இரவுச் சங்கற்பம் செய்வதும் இதுவே.

கற்கத் தொடங்குவோர்க்கு நான்கு கூறுகள் இன்றியமையாதன. முதலாவது கனவு நினைவு: விழித்ததும் அசையாது கிடந்து கனவை நினைவுகூர்ந்து குறிப்பேட்டில் எழுதி வருதல். நினைவில் நில்லாத கனவில் விழிப்புற்றாலும் அதனாற் பயனில்லை. இரண்டாவது பகற்சோதனை: எழுத்தை ஒருமுறை படித்து, பார்வையை விலக்கி, மீண்டும் படித்தல். கனவில் எழுத்து பெரும்பாலும் மாறிவிடும். இச்சோதனை உண்மையான ஐயத்தோடு செய்யப்பட வேண்டும். வெறும் பழக்கமாயின் கனவிலும் வெறும் பழக்கமாகவே முடியும். மூன்றாவது காலம்: விரைவுக் கண்ணசைவு உறக்கம் இரவின் பிற்பகுதியில் நீள்வதால், ஏறத்தாழ ஐந்து மணிநேரம் உறங்கி எழுந்து, சிறிது விழித்திருந்து, பின் சங்கற்பத்தோடு உறங்குவது பயன்தரும். நான்காவது நிலைப்படுத்தல்: விழிப்புற்ற மகிழ்ச்சியே உறக்கத்தைக் கலைத்துவிடுமாதலின், கனவுக் கைகளைத் தேய்த்தல் முதலியவற்றால் கவனத்தைக் கனவினுள்ளேயே நிறுத்தல்.

இவற்றுள் மூன்றாவது கூறு எச்சரிக்கைக்கு உரியது. நாள்தோறும் உறக்கத்தை இடைமறிப்பது உடலுக்கும் மனத்திற்கும் ஊறு செய்யும். நனவுக்கும் கனவுக்கும் உள்ள எல்லை மயங்கும் மனநோய் உடையோர்க்கு இப்பயிற்சி ஏற்றதன்று.

சித்தாந்த நோக்கில் தெளிகனவு

தெளிகனவு கைவரப் பெற்றோர் சிலர் அதனைத் துரியம் என்று கருதுவதுண்டு. சொப்பனமும் சுழுத்தியும் கடந்த விழிப்பு என்னும் பொருளில் இவ்வொப்பீடு எழுகிறது. இது பொருந்துமா என்பதை ஆராயச் சைவ சித்தாந்தம் துல்லியமான அளவுகோல் ஒன்றைத் தருகிறது.

மெய்கண்டாரின் சிவஞானபோதம் நான்காம் சூத்திரத்தில் உயிர் ஐந்து அவத்தைகளை அடைவதைக் கூறுகிறது. சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என்னும் இவற்றுள் செயற்படும் கருவிகளின் தொகையை வழிநூல்கள் கணக்கிட்டுள்ளன. சாக்கிரத்தில் 35, சொப்பனத்தில் 25, சுழுத்தியில் சித்தம், பிராணன், புருடன் என மூன்று, துரியத்தில் பிராணனும் புருடனும், துரியாதீதத்தில் புருடன் மட்டும். உலாப்போய் மீண்ட அரசன் வாயில்தோறும் பரிவாரங்களை நிறுத்திவிட்டு அந்தப்புரம் புகுவதை இதற்கு உவமையாகக் காட்டுவர்.

சாக்கிரத்திலிருந்து சொப்பனத்திற்குச் செல்லும்போது நீங்குபவை ஞானேந்திரியம் ஐந்தும் கன்மேந்திரியம் ஐந்தும் ஆகிய பத்து. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் நான்கும் சொப்பனத்தில் நீங்குவதில்லை. இங்கேயே விடை உள்ளது. தெளிகனவில் ஒருவர் காண்கிறார். ‘இது கனவு’ என்று துணிகிறார். ‘நான் காண்கிறேன்’ என்று உணர்கிறார். முன்பு கொண்ட உறுதியை நினைவுகூர்கிறார். துணிதல் புத்தியின் தொழில். ‘நான்’ என்பது அகங்காரத்தின் தொழில். அந்தக்கரணங்கள் இவ்வளவு செறிவாகத் தொழிற்படும் நிலையை, அவை அனைத்தும் ஒடுங்கிய துரியமாகக் கொள்ளல் இயலாது. பொதுக் கனவில் மங்கிக் கிடக்கும் புத்தி தெளிகனவில் கூர்மை பெறுகிறது, அவத்தை சொப்பனமே.

இடத்தாலும் இது வலுப்பெறுகிறது. சித்தாந்தம் சாக்கிரத்திற்குப் புருவநடுவையும் சொப்பனத்திற்குக் கண்டத்தையும் தானமாகக் கூறுகிறது. கனவு யோகியும் கழுத்திலேயே மனத்தை நிறுத்துகிறார். கண்டத்தைக் கனவின் இடமாகக் கொள்வது இரு மரபினர்க்கும் பொதுவான பழைய தாந்திரிக உடற்கொள்கை எனலாம். இதனை உறக்க ஆய்வின் தசைச் செயலிழப்போடு இணைத்து முன்னோர் அறிவியல் என்று பேசுவது பொருந்தாது. ஒன்று உயிரின் நிலையை ஆராய்வது, மற்றொன்று உடலின் இயக்கத்தை அளப்பது.

தத்துவ வேறுபாடும் கருதத்தக்கது. நனவும் கனவைப் போன்றதே என உணர்தல் திபெத்தியர்க்குப் பயிற்சியின் பயன். சித்தாந்திக்கு உலகம் மாயையாகிய முதற்காரணத்தினின்று தோன்றிய உள்பொருள். கனவைக் காட்டி அதனைப் பொய்யென்னல் ஆகாது. ஆயினும், கருவிகள் கூடினால் அறிந்தும் நீங்கினால் அறியாதும் நிற்கும் தன் நிலையை உயிர் உணர்தற்குத் தெளிகனவு நல்லதோர் எடுத்துக்காட்டாக அமையக்கூடும். கருவிகளைச் சார்ந்தே அறிகின்றோம் என்னும் அவ்வுணர்வு, அறிவிக்கும் முதலை நாடத் தூண்டும்.

முடிவுரை

கனவில் விழித்தல் பயிற்சியால் வாய்ப்பது. எச்சமயத்தார்க்கும் சமயம் சாராதார்க்கும் பொதுவானது. அதன் பயனோ, அதைக் கொண்டு எதை நாடுகிறோம் என்பதைப் பொறுத்தது. பறப்பதற்கும் விரும்பியதைத் துய்ப்பதற்கும் இத்திறனைப் பயன்படுத்துபவர் நனவின் ஆசையையே கனவிலும் வளர்க்கிறார். அச்சத்தை நேர்கொள்ளவும் தன் கரணங்களின் இயக்கத்தை அறியவும் பயன்படுத்துபவர்க்கு அது சாதனமாகிறது. எனினும் சாதனம் ஞானம் ஆகாது. திபெத்தியர் காட்சியை மாற்றும் ஆற்றலையும் இறுதியில் கைவிடச் சொன்னதும், சித்தாந்தம் விழிப்புற்ற கனவையும் சொப்பன எல்லைக்குள் நிறுத்துவதும் இவ்வுண்மையையே சுட்டுகின்றன. இரவில் பெற்ற தெளிவு பகலில் சினத்தையும் அச்சத்தையும் எவ்வளவு தணித்தது என்று நோக்குவதே, பயில்வோர் தம் முன்னேற்றத்தை அளக்கத்தக்க உறுதியான வழியாகும்.