விழக் கற்பிக்கும் வித்தை

விழுவதற்கும் ஓர் ஆசிரியர் வேண்டுமோ என்று வாசகர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் ஜப்பானியரின் ஜூடோ வித்தையிலே முதற்பாடம் அதுவேயாகும். புதிதாய்ச் சேர்ந்த மாணாக்கன் எவரையும் தூக்கி எறிவதில்லை. பாய் விரித்த தரையிலே பின்புறமாகவும், பக்கவாட்டிலும், முன்னே உருண்டும் அவன் பல நாட்கள் விழுந்து விழுந்து எழுகின்றான். நாடியை மார்போடு அணைத்து, உடல் தரையைத் தொடும் அக்கணத்திலேயே நீட்டிய கையினாற் பாயை ஓங்கி அடித்தல் வேண்டும். விழுந்த வேகம் கை முழுவதும் பரவிப்போவதால் தலைக்கும் முதுகெலும்புக்கும் ஊறு குறைகின்றது. இதனை அவர்கள் 'உகெமி' என்பர். விழ அஞ்சுபவன் உடலை விறைத்துக்கொள்வான். விறைத்து நிற்பவனை வீழ்த்துதல் எளிது. ஆதலின் முதலில் அச்சத்தைப் போக்குகின்றனர். பிடிகளும் எறிகளும் பின்னரே வருகின்றன.

இவ்வித்தையை வகுத்தவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்று அறியுமிடத்து எம்போன்றோருக்குச் சிறிது பெருமிதம் உண்டாவது இயல்பே. 1860ஆம் ஆண்டிற் பிறந்த ஜிகோரோ கானோ இளமையில் மெலிந்த உடலினர். உடன் பயின்ற முரடர்களால் துன்புறுத்தப்பட்டவர். தோக்கியோ சர்வகலாசாலையிற் பயின்றுகொண்டிருந்தபோதே பழைய ஜுஜுத்சு வித்தையைக் கற்க ஆசிரியரைத் தேடி அலைந்தார். மேனாட்டு நாகரிகத்தின்மீது மோகம் தலைக்கேறியிருந்த காலம் அது. போர்வீரர் குலத்துப் பழங்கலைகளைக் கற்பாருமில்லை. கற்பித்தோர் வயிற்றுப்பாட்டுக்கு வேறு தொழிலை நாடினர். அவருக்கு முதலாசிரியராக வாய்த்த புக்குடா ஹச்சினோசுகே என்பவரும் முறிந்த எலும்பைப் பொருத்தும் வைத்தியராய் இருந்தவரே.

புக்குடாவின் போதனா முறை விநோதமானது. ஓர் எறியை எவ்வாறு செய்வது என்று கானோ வினவ, ஆசிரியர் விடையாக அவரையே தூக்கி எறிந்தார். கானோ எழுந்து, கையை எங்கே வைப்பது என்றார். மீண்டும் ஓர் எறி. காலை எப்படி வைப்பது என்றதற்கும் அதுவே விடை. பலமுறை செய்தாற் தானே வரும் என்பது ஆசிரியரின் கருத்து. இக்காலக் கல்வியதிகாரிகள் இம்முறையை ஒப்புவார்களோ, ஐயமே! கானோவுக்கும் அது முற்றிலும் உவப்பாகவில்லை என்றே தோன்றுகிறது. பின்னாளில் தாம் கற்பித்தபோது, எதிரியின் சமநிலையைக் குலைத்தல், அவனுக்கு நெருங்கி உடலைப் பொருத்துதல், எறிதல் என ஒவ்வோர் எறியையும் மூன்று படிகளாகப் பகுத்து விளக்கினார்.

தம்மிலும் மிகப் பருத்த ஒரு சக மாணாக்கனை வெல்ல இயலாது வருந்திய கானோ, நூல்நிலையத்துக்குச் சென்று மேனாட்டு மற்போர் நூல்களைப் புரட்டினார். எதிரியைத் தோள்மீது குறுக்காகச் சுமந்து எறியும் உபாயம் ஒன்று அங்கே அகப்பட்டது. அதனைப் பழகி அப்பருத்தவனை வீழ்த்தினார். கதகுருமா என்னும் பெயருடன் அவ்வெறி இன்றும் ஜூடோவிலே விளங்குகின்றது. தம் நாட்டுப் பழங்கலையைக் காக்கப் புறப்பட்டவர் அந்நியர் நூலைத் தீண்டலாமோ என்று அவர் தயங்கவில்லை.

1882ஆம் ஆண்டில், இருபத்திரண்டு வயதும் நிரம்பாத நிலையில், தோக்கியோவிலே எய்ஷோஜி என்னும் பௌத்த ஆலயத்தில் 12 பாய் விரித்த ஓர் அறையிற் கொடோக்கன் கலைக்கூடத்தை அவர் தொடங்கினார். முதலாண்டில் மாணாக்கர் 9 பேரே.

பழைய ஜுஜுத்சுக் குலங்கள் பல தமது நுட்பங்களை மறைபொருளாய்ப் போற்றியவை. சத்தியம் வாங்கிக்கொண்டே சீடனுக்குக் கற்பிப்பர். உயர்ந்த பாடங்களைச் சுவடிச் சுருளில் எழுதித் தெரிந்தெடுத்த சிலருக்கே கொடுப்பர். கானோவோ அனைவரும் கற்கலாம் என்றார். மாணாக்கரைக் கடல் கடந்து அனுப்பினார். தாமும் பல நாடுகளுக்குச் சென்று கற்பித்தார். கறுப்புப் பட்டி பெற்றவன் கரை கண்டுவிட்டான் என்று நம்மவர் எண்ணுவதுண்டு. அதற்குரிய முதற்றரத்தின் பெயர் 'ஷோதான்'. தொடக்கப்படி என்பதே அதன் பொருள். மூன்று மாதத்தில் அத்தாட்சிப் பத்திரம் கிடைக்குமா என்று கேட்கும் பெற்றோர் இதனைக் கவனிப்பார்களாக.

நம் அயல்நாட்டிற்கும் அவ்வாசிரியர்கள் வந்தனர். இரவீந்திரநாத தாகூர் 1905ஆம் ஆண்டிலேயே சாந்திநிகேதனத்துக்குச் சானோ ஜின்னோசுகே என்பவரை வரவழைத்தார். 1929இல் வந்த தகாகாக்கி ஷின்ஸோ கொடோக்கனில் உயர்ந்த தரம் பெற்றவர். அவரிடம் ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளும் பயின்றனர். பொருளியலறிஞர் அமர்த்தியா சென்னின் தாயார் அமிதா சென் சாந்திநிகேதனத்தில் ஜூடோ கற்றவரே. பெண்களுக்கான ஜூடோ ஒலிம்பிக் போட்டிகளிற் பதக்கத்துக்குரியதாக இடம்பெற்றது 1992இலேதான் என்பதை நினைக்குங்கால், தாகூரின் துணிவு எத்தகையது என்பது புலனாகும்.

இலண்டன் நகரிலே நிகழ்ந்தது வேறொரு வகை. அங்கு சென்ற யூக்கியோ தானி, நாடகக் கொட்டகை மேடைகளில் தம்மிலும் பருத்த மல்லர்களை எதிர்த்து வென்று புகழ் பெற்றவர். குஞ்ஜி கொய்சுமி என்பார் 1918இல் அந்நகரிற் புடோக்வாய் என்னும் சங்கத்தை நிறுவ, தானி அங்கே ஆசிரியரானார். இருவரும் கற்றிருந்தது பழைய ஜுஜுத்சுவே. 1920இற் கானோ அங்கு வந்தபோது இருவரும் அவருடைய முறையைத் தழுவி, அவர் கையால் இரண்டாம் தரம் பெற்றனர். ஊரறிந்த ஆசிரியர்கள், நாற்பதை நெருங்கும் வயதில், மறுபடியும் மாணாக்கராயினர்! எமக்கு இதுவே மேடை வெற்றிகளிலும் பெரிதாகத் தோன்றுகின்றது.

இனி, மறைக்காமற் கற்பித்ததன் பயன் என்ன? 1938இல், கெய்ரோவில் நடந்த ஒலிம்பிக் குழுக் கூட்டத்திலிருந்து கப்பலில் திரும்பும் வழியிற் கானோ காலமானார். அதன்பின் போரும் தோல்வியும் வந்து கழிந்தன. 1953இல் மிச்சிகாமி ஹக்கு என்னும் ஆசிரியர் பிரான்சுக்குச் சென்று, பக்கத்து நாடுகளிலும் கற்பித்தார். அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் ஒல்லாந்து தேசத்து அன்டன் கேசிங்க். ஆறரை அடி உயரமுள்ளவர். அவர் ஜப்பானுக்கும் சென்று, அங்குள்ள மாணவரோடு கலந்து பயின்றார். 1961இற் பாரிஸ் நகரிலே ஜப்பானியரை வென்று உலக வீரரானார்.

1964இல் ஒலிம்பிக் விளையாட்டுகள் தோக்கியோவில் நடைபெற்றபோது ஜூடோ முதன்முறையாக அவற்றிற் சேர்க்கப்பட்டது. எடை வரையறுத்த மூன்று பிரிவுகளிலும் ஜப்பானியரே தங்கம் வென்றனர். எனினும் எடை வரையறையற்ற பிரிவே அவர்களுக்கு மானப்பிரச்சினை. மெலிந்தவன் பருத்தவனை வெல்லலாம் என்பதன்றோ அவ்வித்தையின் பெருமை! ஒக்டோபர் 23ஆம் நாள், நிப்பொன் புடோக்கன் மண்டபத்தில், அக்கியோ கமினாகா கேசிங்க்கை எதிர்த்து நின்றார். ஒன்பது நிமிடங்களுக்கு மேல் நடந்தது போர். கமினாகா எடுத்த எறியொன்று பலிக்காது போகவே, கேசிங்க் அவரைத் தரையிற் சாய்த்து, கழுத்தையும் கையையும் அணைத்து மார்பினால் அழுத்திப் பிடித்தார். முப்பது விநாடிகள் கழிந்தன. கமினாகாவால் எழ முடியவில்லை. மண்டபம் உறைந்துபோயிற்று.

கானோ கதவைத் திறவாதிருந்தால் இத்தோல்வி நேர்ந்திராது என்று கூறுவோரும் இருக்கலாம். நாம் அங்ஙனம் கருதவில்லை. வெற்றிக் களிப்பினாலே ஒல்லாந்து தேசத்தவர் சிலர் பாயை நோக்கி ஓடிவந்தனர். கேசிங்க் அவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தி, வர வேண்டாம் எனத் தடுத்தார். ஓடிவந்தவர்கள் நின்றுவிட்டனர். பின்னர் அவர் கமினாகாவுக்கு எதிரே நின்று தலைவணங்கினார்.