ஜீப்பை உருவாக்கியது யார்? பழைய விளம்பரங்கள், கையேடுகளைத் தேடிச் சேர்ப்பது ஏன்?

இரண்டாம் உலகப்போர் கால ராணுவ ஜீப் ஒன்றை வாங்கிச் சீரமைக்க நிறைய பணம் வேண்டும், நிறுத்தி வைக்க இடமும் வேண்டும். ஆனால், அந்த ஜீப்போடு வந்த கையேடு, பத்திரிகையில் வந்த விளம்பரம், டேஷ்போர்டில் இருந்த தகடு, குழந்தைகள் விளையாடிய தகர பொம்மை எல்லாம் ஒரே அலமாரியில் அடங்கிவிடும். அமெரிக்காவில் இவற்றை மட்டுமே தேடிச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

பழைய காகிதத்தில் அப்படி என்ன இருக்கு? ஜீப்பை உருவாக்கியது யார் என்ற கேள்விக்கான பதில் இருக்கு.

முதல் ஜீப் எங்கிருந்து வந்தது?

1940-ல் ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்தது. எடை குறைந்த, நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் சக்தி போகிற ஒரு வண்டி அமெரிக்க ராணுவத்துக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. 135 நிறுவனங்களுக்கு அழைப்பு போனது. மாதிரி வண்டியை 49 நாட்களில் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை.

அந்தக் கெடுவை ஏற்றது பென்சில்வேனியா மாநிலம் பட்லர் நகரில் இருந்த அமெரிக்கன் பேண்டம் என்ற சின்ன கார் நிறுவனம். கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளர் வடிவமைத்த வண்டி, 1940 செப்டம்பர் 23 அன்று பால்டிமோரில் உள்ள ராணுவ முகாமில் ஒப்படைக்கப்பட்டது.

வண்டி ராணுவத்துக்குப் பிடித்திருந்தது. ஆனால் தேவையான எண்ணிக்கையில் பேண்டமால் தயாரிக்க முடியுமா என்ற சந்தேகம் வந்தது. அதனால் பேண்டமின் வரைபடங்கள் வில்லிஸ்-ஓவர்லேண்ட், ஃபோர்டு நிறுவனங்களுக்கும் காட்டப்பட்டன. அவர்களும் தங்கள் மாதிரிகளைச் செய்தார்கள். 1941-ல் பெரிய ஆர்டர் வில்லிஸுக்குப் போனது. பிறகு ஃபோர்டும் அதே வடிவத்தில் தயாரிக்கத் தொடங்கியது.

போர் முடிவதற்குள் இந்த இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைத் தயாரித்தன. பேண்டம் செய்தது சுமார் 2,600 மட்டுமே. அதன் பிறகு ஜீப்பின் பின்னால் மாட்டுகிற டிரெய்லர்களைத்தான் அது செய்துகொடுத்தது.

விளம்பரம் சொன்னது ஒன்று, தீர்ப்பு சொன்னது ஒன்று

போர்க்காலத்தில் அமெரிக்கப் பத்திரிகைகளில் வில்லிஸ் வண்ண விளம்பரங்களாக வெளியிட்டுத் தள்ளியது. ஜேம்ஸ் செஷன்ஸ் என்ற ஓவியர் வரைந்த போர்க்களக் காட்சிகளில் ஜீப் சீறிப் பாயும். ஜீப் என்றாலே வில்லிஸ்தான் என்ற எண்ணம் மக்கள் மனதில் பதிந்தது. இன்று சேகரிப்பாளர்கள் அதிகம் தேடுபவற்றில் இந்த விளம்பரப் பக்கங்களும் உண்டு.

ஆனால் இதே விளம்பரங்கள்தான் வில்லிஸை விசாரணைக்கு இழுத்தன. ஜீப்பை உருவாக்கியதாக வில்லிஸ் சொல்லிக்கொள்வது தவறு என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 1943-ல் புகார் பதிவு செய்தது. 1948-ல் தீர்ப்பு வந்தது. ராணுவ அதிகாரிகளோடு சேர்ந்து ஜீப்புக்கான யோசனையை உருவாக்கியது பேண்டம்தான் என்று அதில் சொல்லப்பட்டது. அதற்குள் பேண்டம் கார் தயாரிப்பையே விட்டிருந்தது. 1950-ல் 'ஜீப்' என்ற வணிகப் பெயரின் உரிமையும் வில்லிஸுக்கே பதிவானது.

பேண்டம் செய்த முதல் வண்டி இன்று இல்லை. அதன் புகைப்படங்கள், வரைபடங்கள், ராணுவக் கடிதங்கள்தான் மிச்சம். ஒரு சின்ன நிறுவனத்துக்குச் சேர வேண்டிய பெயரைக் காப்பாற்றி வைத்திருப்பது இந்தக் காகிதங்கள்தான்.

கையேடுகளுக்கு ஏன் மவுசு?

ராணுவம் வெளியிட்ட கையேடுகளுக்குத் தனி எண் உண்டு. ஜீப்புக்கான டிஎம் 9-803 கையேடு 1944-ல் வந்தது. வண்டியை ஓட்டுவது, பராமரிப்பது எல்லாம் அதில் இருக்கும். உதிரிபாகங்கள் பட்டியலின் எண் ஜி-503. இந்த எண்ணே பின்னாளில் ஜீப் பிரியர்கள் மத்தியில் வண்டிக்கு இன்னொரு பெயர் மாதிரி ஆகிவிட்டது.

பழைய ஜீப்பைச் சீரமைப்பவர்களுக்கு இவைதான் ஆதாரம். காரணம், எந்த ஜீப்பின் பாகத்தையும் எந்த ஜீப்பிலும் மாட்டலாம் என்பது ராணுவத்தின் விதி. போர்க்களத்தில் கையில் கிடைத்ததை மாட்டினார்கள். அதனால் இன்று மிஞ்சியிருக்கும் பல வண்டிகளில் வில்லிஸ் பாதி, ஃபோர்டு பாதி. ஃபோர்டு மட்டும் தன் பாகங்களில், போல்ட்டில்கூட, 'எஃப்' எழுத்தைப் பொறித்தது. எது எங்கே இருந்தது என்று பிரித்துச் சொல்ல பழைய பட்டியலும் படமும் வேண்டும்.

50 டாலருக்கு ஜீப் கிடைத்ததா?

போர் முடிந்த பிறகு, ராணுவத்தின் உபரி ஜீப் 50 டாலருக்குக் கிடைக்கும் என்ற பேச்சு அமெரிக்கா முழுக்கப் பரவியது. பத்திரிகைகளின் கடைசிப் பக்கங்களில் இதுபோன்ற சின்னச் சின்ன விளம்பரங்கள் வந்தன. பணம் அனுப்பியவர்களுக்கு வந்தது ஜீப் இல்லை. அரசின் உபரிப் பொருட்களை ஏலத்தில் எப்படி வாங்குவது என்று சொல்லும் புத்தகம்தான் வந்தது. இப்போது அந்த விளம்பரத் துண்டும் ஒரு சேகரிப்புப் பொருள்.

அசலா, நகலா? எப்படிப் பார்ப்பது?

* டேஷ்போர்டு தகடுகள், கையேடுகள் இரண்டுக்கும் புது நகல்கள் வெளிப்படையாகவே விற்கப்படுகின்றன. நகல் வாங்குவது தப்பில்லை, அசல் விலை கொடுத்து வாங்குவதுதான் நஷ்டம்.
* காகிதத்தைப் புறஊதா விளக்கில் பாருங்கள். பளிச்சென்று நீல நிறத்தில் ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள். அந்த வெண்மையூட்டும் ரசாயனம் 1950 வாக்கில்தான் காகிதத்தில் பரவலானது.
* விளம்பரப் பக்கத்தின் பின்புறத்தையும் பாருங்கள். பத்திரிகையிலிருந்து எடுத்த பக்கம் என்றால் மறுபக்கத்திலும் பெரும்பாலும் அச்சு இருக்கும்.
* அந்தக் கால ராணுவ மீட்டர்கள் பலவற்றில், இருட்டில் ஒளிர ரேடியம் பூசப்பட்டிருந்தது. இப்போது ஒளிராவிட்டாலும் கதிர்வீச்சு இருக்கும். கழற்றவோ சுரண்டவோ கூடாது.

எப்படிப் பாதுகாப்பது?

லேமினேஷன் செய்யவே கூடாது, செல்லோடேப்பும் ஒட்டக் கூடாது. இரண்டுமே காகிதத்தைக் கெடுக்கும், பிறகு பிரித்து எடுக்கவும் முடியாது. அமிலம் இல்லாத உறையில் போட்டு, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைத்தால் போதும். ராமபாணப் பூச்சி வருகிறதா என்று அவ்வப்போது திறந்து பார்ப்பது நல்லது.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. 1945-ல் தொடங்கிய மஹிந்திரா நிறுவனம், 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பொருத்தி விற்க ஆரம்பித்தது. வீட்டுப் பரணிலோ பழைய ஒர்க்‌ஷாப்பிலோ அந்தக் காலத்து ஜீப் கையேடு, பில், விளம்பரம் ஏதாவது கண்ணில் பட்டால், பழைய பேப்பர் கடைக்குப் போடும் முன் அதில் இருக்கும் ஆண்டையும் எண்ணையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.