திண்டுக்கல் பூட்டும் குஜராத் புழுவும்

'பி.டி. பருத்தியைத் தின்றால் புழு சாகும் என்றுதானே விதை விற்றார்கள்? காயைப் பிளந்தால் சிவப்புப் புழு சௌக்கியமாகப் படுத்திருக்கிறதே!' சேலம் ஃபேர்லேண்ட்ஸில் குடியிருந்துகொண்டு கொங்கணாபுரம் பக்கம் காடு பார்க்கும் வாசகர் ஒருவரின் கேள்வி.

விற்றவர்கள் பாதிதான் சொன்னார்கள். சாகுமா என்பது அது எந்த ஊர்ப் புழு என்பதைப் பொறுத்தது. அமரேலி, பாவ்நகர், ஜூனாகத், ராஜ்கோட் ஆகிய 4 குஜராத் மாவட்டங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் தலைமுறை பி.டி. பருத்திக்கு மசியவில்லை என்று 2010இல் அந்த விதையை உருவாக்கிய மான்சாண்டோ நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதே நஞ்சு, அதே இனப் புழு. அரிசோனாவிலோ அது செத்தது. 2018இல் அமெரிக்கா தன் பருத்தி நிலங்களிலிருந்து அதை ஒழித்துவிட்டதாகவே அறிவித்தது.

வரலாறு கேட்பவர்களுக்காக இரண்டு வரி. பி.டி. நஞ்சின் மூலமான பாக்டீரியாவை 1901இல் ஜப்பானின் இஷிவாட்டா செத்த பட்டுப்புழுக்களில் கண்டார். 1911இல் ஜெர்மனியின் பெர்லினர் அதை மறுபடி கண்டார், பிறகு தூரிங்கியா பகுதியின் பெயரை அதற்கு வைத்தார். போதும்.

எனக்குப் பிடித்த இடம் புழுவின் குடல். பி.டி. புரதம் வாய்க்குள் போகும்போது வெறும் இரும்புத் துண்டு. புழுவின் சொந்த நொதிகள்தான் அதை அராவிச் சாவியாக்குகின்றன. திருடனுக்கு வீட்டுக்காரனே சாவி செய்து கொடுக்கிற கதை! குடல் செல்லின் மேலிருக்கும் 'கேட்ஹெரின்' என்ற புரதம்தான் பூட்டு. சாவி பொருந்தியதும் நச்சுப் புரதங்கள் கூடிச் செல்லில் ஓட்டை போடுகின்றன. செல் ஊதி வெடிக்கிறது, புழு தீனியை மறந்து சாகிறது.

சாகாத புழுவிடம் பூட்டு கெட்டிருக்கிறது. திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டில் ஒரு நெம்பை மாற்றினால் பழைய சாவி திரும்பாதல்லவா? ஆனால் இந்தியப் புழுக்களை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில் தெரிந்தது ஒரு கோளாறு அல்ல. கேட்ஹெரினுக்கான அந்த ஒரே மரபணு 8 விதமாகச் சிதைந்திருந்தது. அவற்றிலிருந்து 19 வகை ஆர்.என்.ஏ. படிகள். பட்டறைக்காரர் ஒரே வரைபடத்தைத் தாவித் தாவிப் படித்து, ஒவ்வொரு முறையும் வேறொரு கோணல் பூட்டை அடித்ததுபோல. எந்தப் பட்டறையும் இப்படித் தொழில் செய்தால் திவால். புழுவுக்கோ அதுதான் பிழைப்பு.

இந்தக் கோணல் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் புழு தப்பும். ஆகவே சாதாரணப் பருத்தியில் வளர்ந்த நல்ல பூட்டு அந்துப்பூச்சிகள் பக்கத்தில் இருந்து கலந்தால் குஞ்சுகள் சாகும். அதற்காகத்தான் 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதா விதையையும் 'அடைக்கலப் பயிர்' என்று கொடுத்தார்கள். அந்தச் சின்னப் பாக்கெட் பெரும்பாலும் வரப்போடு சரி. சீன விவசாயிகள் சிலரோ வீரிய ஒட்டுப் பருத்தியின் இரண்டாம் தலைமுறை விதையை விதைத்தார்கள். காற்பங்குச் செடிகளில் பி.டி. இல்லை. அடைக்கலப் பயிர் தானாகவே அமைந்துவிட்டது, அங்கே புழு மறுபடி மசிந்தது.

புழுவின் ஊர்க்குணம் என்பது அந்த ஊர் விதைப்பின் குணம்தான். 'அடுத்த தலைமுறை விதை' என்று நாளை யாராவது விளம்பரம் கொண்டுவந்தால், சாவியின் பெருமையைக் கேட்காதீர்கள், உங்கள் காட்டுப் பூட்டைச் சோதித்தீர்களா என்று கேளுங்கள். அதுவரை, கடைசிப் பஞ்சு எடுத்ததும் பருத்தி மாரைப் பிடுங்கிவிடுங்கள். அதற்கு எந்தப் பூட்டும் குறுக்கே நிற்காது.