மாங்காய்ப் பாலை வடிய விடாதீர்கள்

"தங்கச்சி, நீங்க தந்த மாங்கா பழுக்கப் பழுக்கக் கறுக்குது" என்றார், கல்முனையில் பழம் விற்கும் நானா. எனக்கு மனம் பொறுக்கவில்லை. வீரமுனையில் எங்கள் வளவில் நிற்கிற கறுத்தக் கொழும்பான் அது. ஒவ்வொரு காயாகக் காம்பை ஒடித்து, கவிழ்த்துப் பாலை வடியவிட்டு, கழுவித் துடைத்துக் கொடுத்திருந்தேன். "கடையில வச்ச இடம் சரியில்ல, நானா" என்றேன். அவர் மீதும் பிழையில்லை என்பது பிறகுதான் விளங்கியது.

சந்தையில் தொற்றுவதில்லை அந்தக் கறுப்பு. மாம்பூவிலும் பிஞ்சிலும் மழை படும்போதே வந்துவிடுகிறது. கொலெற்றோதிரிக்கம் என்ற பங்கசின் வித்தி பிஞ்சுத் தோலில் ஒட்டி முளைக்கும். தோலின் மேற்படையைக் கரைக்கும் நொதியத்தைச் சுரந்து ஊசித்துளை போடும். அதற்கு மேல் போக முடியாமல் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். தடுப்பது காய்தான். பச்சைத் தோலில் ரெசோர்சினோல் வகை நஞ்சு இருக்கிறது. உள்ளே பால் இருக்கிறது.

இந்தப் பாலைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியர் என்.கே.பி. அதிகாரமும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். அதில் கைற்றினேசு என்ற நொதியம் உண்டு. இறால் கோதில் இருக்கும் கைற்றின்தான் பங்கசின் கலச்சுவரிலும் இருக்கிறது; இந்த நொதியம் அதைக் கரைக்கும். மாம்பால் அந்தச் சுவரை அரித்து வித்தியைச் சிதைத்துவிடுகிறது. நான் பிசின் என்று கழுவி ஊற்றியது காயின் காவலை!

காய் பழுக்கத் தொடங்கியதும் பாலும் குறையும், தோலின் நஞ்சும் குறையும். கிடந்த பங்கசு எழும்புகிறது. சதையின் கட்டுமானம் பெக்ரின்; ஜாம் இறுகுவதும் அதனால்தான். அதைக் கரைக்கும் நொதியம் பங்கசிடம் இருந்தாலும் காயின் புளிப்புக்குள் அது சரியாக வேலை செய்யாது. அதனால் பங்கசு அமோனியாவைச் சுரந்து, தான் இருக்கும் இடத்துப் புளிப்பை முறித்துக் காரமாக்கிக்கொள்கிறது. பிறகு பெக்ரின் கரைகிறது, சதை குழைகிறது, கரும்புள்ளி விரிகிறது. இஸ்ரேலில் டோவ் புருஸ்கி என்ற ஆய்வாளர் ஆனைக்கொய்யாவில் இதே பங்கசைப் பல காலம் ஆராய்ந்தவர். அங்கேயும் பழுக்கும்போது தோலின் நஞ்சு குறைந்த பிறகுதான் அழுகல் தொடங்குகிறது. தக்காளியைத் தாக்கும் சில பங்கசுகள் இன்னும் துணிந்தவை. தக்காளிச் செடியின் தற்காப்பு நஞ்சான தொமற்றினிலிருந்து சீனித் துண்டைத் தங்கள் நொதியத்தால் வெட்டியெடுத்து, அதை வலுவிழக்கச் செய்துவிடுகின்றன.

இப்போது கொக்கத்தடியால் இழுத்து விழுத்துவதில்லை. ஏணி வைத்து ஏறி, இரண்டு விரற்கடை காம்பு விட்டுக் கத்தரிக்கோலால் வெட்டுகிறேன். பால் உள்ளேயே நிற்கிறது. தோலில் வடிந்து சுடுவதும் இல்லை. காய்ந்த பூங்கொத்தையும் பட்ட கொப்பையும் வெட்டி எரிக்கிறேன், வித்திகள் தங்குவது அவற்றில்தான். வளவில் மாமரம் நிற்கிறவர்கள் இந்த முறை பத்துக் காயையாவது காம்போடு வெட்டி, தனியாகப் பழுக்க வைத்துப் பாருங்கள்.