சண்டிகரில் வீடு கட்டுவோர்க்கு

உத்தியோகத்தின் பொருட்டுச் சண்டிகரில் குடியேறிய தமிழன்பர் சிலர், நாளடைவில் அங்கேயே சொந்த வீடு அமைத்துக்கொள்ள விழைகின்றனர். அன்னார்க்கு அந்நகரின் கட்டட விதிகளைப்பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறோம்.

1950-களில் இந்நகரை வகுத்த லெ கார்புசியே, கதிரொளி, வெட்டவெளி, பசுமை ஆகிய மூன்றும் குடிமக்கள் அனைவர்க்கும் உரியன எனக் கருதினார். பெரும்பாலான செக்டர்கள் 1,200 மீட்டர் நீளமும் 800 மீட்டர் அகலமும் உடையன. அவற்றின் நடுவே பசும்புல்வெளி நீண்டு செல்கிறது. எவ்வீதியில் எம்மரம் நடுவது என்பதுகூட ஆராய்ந்தே முடிவுசெய்யப்பட்டது.

இத்தகைய நகரில், மனை முழுவதையும் கட்டடத்தால் நிரப்புதல் இயலாது. விடவேண்டிய வெற்றிடமும், கட்டடத்தின் உயரமும் விதிகளால் வரையறுக்கப்பட்டுள்ளன. வீடுகளைத் தளம் தளமாகப் பிரித்து விற்கும் வழக்கம் பெருகவே, அது குறித்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. முதற்கட்டமாக அமைந்த 1 முதல் 30 வரையிலான செக்டர்களில், ஒரு வீட்டைத் தனித்தனிக் குடியிருப்புகளாகப் பிரித்தல் ஆகாது என 2023 ஜனவரியில் தீர்ப்பாயிற்று.

இதற்குக் காரணம் யாது? ஒரு குடும்பத்திற்கென வகுத்த மனையில் மூன்று குடும்பங்கள் அமர்ந்தால், குடிநீர்க் குழாயும் சாக்கடையும் மிகுந்த சுமை தாங்கவேண்டும். மோட்டார் வண்டிகள் நிற்க இடம் தேடுங்கால், புல்தரையும் மரநிழலும் பறிபோகும்.

ஆகவே, 'இரண்டாம் தளம் மட்டும் விலைக்கு வருகிறது' எனத் தரகர் கூறின், எஸ்டேட் அலுவலகத்தில் தீர விசாரித்த பின்னரே முன்பணம் தருக. அதனால் நம் வாழ்நாட் சேமிப்பும் காக்கப்படும். வந்தாரை ஏற்ற ஊரின் பசுமையும் காக்கப்படும்.