வலி தீர்க்கும் மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கலாமா?

முழங்கால் வலிக்கென்று மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கும் பெரியவர் இல்லாத வீடு அரிது. டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென், ஆஸ்பிரின் போன்றவை வலியையும் வீக்கத்தையும் தணிக்கின்றன. ஆனால், அவையே இரைப்பையில் புண்ணையும் உண்டாக்கக்கூடும்.

காரணம் என்ன? உடலில் உருவாகும் புராஸ்டாகிளாண்டின் எனும் பொருள்கள் வலிக்கும் வீக்கத்திற்கும் காரணமாகின்றன. இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பவையும் அவையே. ஆஸ்பிரின் அவற்றைத் தடுக்கிறது என்பதை 1971இல் ஆங்கில அறிஞர் ஜான் வேன் கண்டறிந்தார். 1982இல் மற்ற இருவருடன் நோபல் பரிசு பெற்றார். வலியைப் போக்கும் மருந்து, வயிற்றின் காவலையும் நீக்கிவிடுகிறது.

“சாப்பிட்ட பிறகுதானே விழுங்குகிறேன்!” என்பர் சிலர். உணவு எரிச்சலைக் குறைக்கலாம். இரத்தத்தில் கலந்த மருந்து செய்யும் தீங்கைத் தடுக்காது. ஊசியாகப் போட்டாலும் இதே நிலைதான்.

65 வயதைக் கடந்தோரும், முன்பு குடற்புண் கண்டோரும், ஸ்டீராய்டு அல்லது இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும் இதை மருத்துவரிடம் மறவாது கூற வேண்டும். அவர் பாராசிட்டமாலோ மேற்பூச்சோ தரலாம். தேவையெனில், அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்பிரசோலையும் சேர்த்துத் தரலாம். இருவகை வலி மாத்திரைகளைத் தாமாக ஒருசேர உண்ணலாகாது. குறைந்த அளவு, குறைந்த நாள்களே நன்று. இதயத்திற்காக மருத்துவர் தந்த ஆஸ்பிரினையோ தாமாக நிறுத்தலாகாது.

வயிறு வலிக்காமலேயே புண்ணில் இரத்தம் கசியலாம். மலம் தார்போல் கறுத்தாலும், வாந்தியில் இரத்தம் கண்டாலும் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். வீட்டுப் பெரியவர்களின் மாத்திரைப் பெட்டியை இன்றே ஒருமுறை பாருங்கள்.